முதலைக்கும் கொக்குக்கும் ஒரே வீட்டில் சாப்பாடு

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் என்னுடையது அல்ல. கொலம்பியாவில், எங்கள் பர்ராங்கீயா நகரத்து நாளிதழ் ஒன்றின் வணிகப் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்கு மேலே கிடந்தது: ‘நிர்வாகக் கருத்து வேறுபாடுகள் காரணமாக அல்தமார் இசைத்தட்டுக் குழுமம் எழுபதுகளின் இறுதியில் பிரிந்தது.’

நான் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கு வழியாக வந்தது.

காரணம், அந்தக் குழுமத்தில்தான் நான் வேலை பார்த்தேன். இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்துக்கு எழுதுவது என் வேலை. முன்பக்கத்தில் நீச்சலுடையில் ஒரு பெண் இருப்பாள், பின்பக்கத்தில் நான் இருப்பேன். யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

அன்று மதியமே தொலைபேசி அடித்தது. குழுமத்தின் முதலாளியாக இருந்த எனெய்தா அல்தமார். இப்போது எண்பதை நெருங்குகிறார், குரல் மட்டும் இன்னும் மேசையைத் தட்டுகிறது.

“படிச்சியா?”

“படிச்சேன், தோன்யா.” மரியாதைக்குரிய பெண்மணியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“கருத்து வேறுபாடாம்! எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல கருத்துன்னு ஒண்ணு என்னிக்கு இருந்துச்சு? நீ எழுது.”

“எதை?”

“நடந்ததை. எழுதி முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டணும். பிடிக்கலைன்னா கிழிச்சிடுவேன்.”

ஆகவே வாசகரே, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் இன்னும் கிழிக்கவில்லை என்று பொருள்.

2

எப்படித் தொடங்குவது?

‘மக்தலேனா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பழுப்பு நீரும் நீல நீரும் ஒன்றையொன்று—’

வேண்டாம். எங்கள் ஊர்க்காரன் எவன் பேனாவை எடுத்தாலும் ஆறு முதலில் வந்து நின்றுகொள்கிறது. ஆற்றுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள ஒரே தொடர்பு, எனெய்தாவின் தம்பி அஸ்த்ரூபல் ஒருமுறை சரக்குப் பெட்டியோடு அதில் விழுந்தான் என்பதுதான்.

‘தொட்டிலில் கிடந்த நாளிலேயே எனெய்தா அல்தமார் அவர்களின் செவியில் இசை—’

இது பின்னட்டை. பழக்கதோஷம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘அவர்’ என்று எழுதினால் எனெய்தா அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார், காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறார், அசைய மாட்டேன் என்கிறார். ‘அவள்’ என்று எழுதிப் பார்த்தேன். எழுந்து நடந்தாள், விசிலடித்தாள், தம்பியின் தலையில் குட்டினாள். கதைக்கு நடக்கிற ஆள்தான் வேண்டும். மரியாதைக்குறைவு என்று நினைப்பவர்கள் தங்கள் பிரதியில் திருத்திக்கொள்ளலாம்.

3

அப்பா விட்டுப்போனது சந்தைப் பக்கத்தில் ஒரு குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கடை. பெட்டி சரியாகும்வரை வாடிக்கையாளர்கள் நின்று கத்துவார்கள். கத்தலை அமுக்க எனெய்தா இசைத்தட்டு போடும் ரேடியோகிராம் ஒன்று வாங்கி வைத்தாள். கொஞ்ச நாளில் குளிர்பெட்டியே இல்லாதவர்களும் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

“அக்கா, இவங்க ஐஸுக்கு வரல, பாட்டுக்கு வராங்க” என்றான் அஸ்த்ரூபல்.

“தெரியுது. பாட்டை நாமளே செஞ்சா என்ன?”

திவாலான ஒரு பொத்தான் ஆலையிலிருந்து அழுத்து இயந்திரத்தை அஸ்த்ரூபல் வாங்கிவந்தான். அதைத் தட்டி வளைத்து இசைத்தட்டு அச்சடித்தார்கள்.*

எனெய்தாவின் வித்தை அவள் காதில் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணை மூடிக் கேட்பாள். சட்டென்று கையை உயர்த்துவாள். “இங்க ட்ரம்பெட் வேணாம். இங்க ஆடறவன் மூச்சு விடணும்.” ட்ரம்பெட்காரன் முறைப்பான். தட்டு வெளியே வந்ததும் ஊரே அந்த இடத்தில் மூச்சு விடும். அஸ்த்ரூபலின் வித்தை வாயில் இருந்தது. அவன் பேசி முடித்தால், எதிரில் நிற்பவர் வாங்கிய பிறகுதான் என்ன வாங்கினோம் என்று பார்ப்பார்.

நிறுவனத்துக்கு முதலை என்று பெயர் வைத்தார்கள். தட்டின் நடுவே பச்சை முதலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு சுற்றும். தெருவுக்குத் தெரு நிற்கும் பிக்கோக்கள், அதாவது அலமாரி அளவுக்கு வண்ணம் தீட்டிய ஒலிபெருக்கிப் பெட்டிகள், சனி ஞாயிறுகளில் முதலையைத்தான் முழங்கின. முதலை கார்த்தஹேனாவில் ஒரு கம்பெனியை விழுங்கியது, சியெனகாவில் ஒன்றை விழுங்கியது. விழுங்க ஆளில்லாமல் போனபோது சிக்கல் வந்தது. விற்பனை படுத்தது.

எல்லாக் கடையிலும் முதலை. எல்லாப் பிக்கோவிலும் முதலை. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது.

* முதல் தட்டுகளில் பொத்தானைப் போல நடுவே நான்கு துளைகள் இருந்தன என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். கிளப்பிவிட்டவன் நான். விளம்பரத்துக்கு.

4

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சு இது. தேங்காய்ச் சோறு, வறுத்த மீன், வாழைக்காய். எனெய்தா எனக்குச் சொன்னபடியே தருகிறேன்.

“நமக்கு எதிரி வேணும்க்கா.”

“எதிரிய எங்க போய் வாங்கறது? இருந்தவனை எல்லாம் நாமதான் வாங்கிட்டமே.”

“வாங்க வேணாம். நான் இருக்கேன்ல.”

அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள்.

திட்டம் எளியது. அஸ்த்ரூபல் அக்காவோடு சண்டை போட்டுப் பிரிந்துபோய்க் கொக்கு என்று ஒரு நிறுவனம் தொடங்குவான். உள்ளே எல்லாம் ஒரே குழுமம். வெளியே தீராப் பகை.

சண்டைக்கு ஒத்திகை பார்த்தார்கள். வீட்டில் தண்ணீரை வைத்து. பிறகு பொலிவார் வீதியில், மதியக் கூட்டத்தின் நடுவே, சர்பத் கடை வாசலில் உண்மையான புளிச் சர்பத்தை எனெய்தா அவன் வெள்ளைச் சட்டையில் வீசினாள்.

“இனிமே என் வாசப்படி மிதிக்காத!”

“உன் வாசப்படியில முதலைதான் படுத்திருக்கும், மனுஷன் எவன் மிதிப்பான்?”

கூட்டம் கைதட்டியது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. முதலைக்காரன் முடிவெட்டும் கடைக்குக் கொக்குக்காரன் போக மாட்டான். கொக்கு பாடும் பேருந்தில் முதலைக்காரி ஏற மாட்டாள். ஒரு திருமணம் நின்றதாகக்கூடக் கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிறுதோறும் அஸ்த்ரூபல் பின்வாசல் வழியாக வந்து அக்கா வீட்டில் சாப்பிட்டான். இருவரும் அடுத்த வாரத் திட்டுகளை எழுதினார்கள். அவன் எழுதிய திட்டுக்கு அவள் மதிப்பெண் போடுவாள்.

“இது என்னடா திட்டு? பள்ளிக்கூடத்துல பசங்க இதைவிட நல்லாத் திட்டும்.”

“அப்ப நீயே எழுது.”

எழுதுவாள். தன்னைத் திட்டித் தானே எழுதுவாள், அழகாக.

5

திட்டுகளைப் பாட ஆள் வேண்டுமே. முதலைக்கு நிக்கானோர் போலோ. முன்னாள் பேருந்து நடத்துநர், ஈர்க்குச்சி உடம்பு, நாக்கு மட்டும் ஆறடி. கொக்குக்கு ப்ராக்ஸெதெஸ் கொன்சுயெக்ரா. கடற்கரையில் பலகாரம் விற்றவள். கூவி விற்ற குரலை அப்படியே ஒலிவாங்கிக்குக் கொண்டுவந்தவள்.

அவன் பாடினான்: கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறதே, மற்றக் காலை அடகு வைத்ததோ? அவள் பாடினாள்: முதலைக்கு வாய் மட்டும் அத்தனை பெரிது, காதைத் தேடினேன் காணோமே!

[இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கையைத் தூக்குகிறார். ‘இரண்டு பாடகர்களும் ரகசியமாகக் காதலித்திருப்பார்களே?’ நானும் ஒரு பிரதியில் அப்படி எழுதினேன். ப்ராக்ஸெதெஸ் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினாள்: “அந்த ஈர்க்குச்சியையா? வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?” காதல் இல்லை. ஆனால் அவர்களுக்குள் நல்ல சிநேகம் இருந்தது. வியாழக்கிழமைகளில் அவள் வீட்டுக் கொல்லையில் தோமினோக் கட்டை ஆடுவார்கள். வெளியே அவர்கள் பெயரைச் சொல்லி மக்கள் அடித்துக்கொள்ளும்போது, உள்ளே அவன் அவளிடம் ஆட்டத்தில் ஏமாற்றிக்கொண்டிருப்பான்.]

குழுமம் வளர்ந்தது. எல்லை தாண்டி மரக்காய்போவில் கிளை, குயாகீலில் கிளை. முதலை வாங்கியவன் அதற்குப் பதில் கேட்கக் கொக்கும் வாங்கினான். ஒன்பது ஆண்டுகள் இப்படி ஓடின. யாருக்கும் தெரியாது, ஐந்து பேரைத் தவிர. அக்கா, தம்பி, இரண்டு பாடகர்கள், நான்.

6

இப்போது எழுதத் தயங்கும் இடம் வருகிறது.

பொய்ச்சண்டைக்கு முன்பிருந்தே எனெய்தாவின் இடது காது மங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு இரைச்சல் வந்தது, பிறகு பஞ்சு அடைத்தது போல ஆனது, பிறகு ஒன்றுமில்லை. இசைத்தட்டு முதலாளிக்குக் காது போகிறது என்றால் மறுநாளே பாடகர்கள் கடையை மாற்றுவார்கள். அவள் அஸ்த்ரூபலிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து, பகை வேஷம் தொடங்கும்வரை, ஒலிப்பதிவுக் கூடத்தில் அவன் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான், அந்தப் பக்கமிருந்து பேசுகிறவர்களை மறித்துத் தானே பதில் சொன்னான். எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

ஆண்டுதோறும் கார்னிவல் திருவிழாவில் இசைப் போட்டி நடக்கும். ஒரு வருஷம் முதலை, ஒரு வருஷம் கொக்கு என்று வெற்றியை மாற்றிமாற்றி வரும்படி பார்த்துக்கொள்வார்கள். முதலையின் முறை வரும் ஆண்டில் ப்ராக்ஸெதெஸின் பாட்டை நல்ல ட்ரம்பெட் இல்லாமல் சப்பென்று விடுவார்கள். அந்த ஆண்டும் முதலையின் முறைதான். ஆனால் அஸ்த்ரூபல் பாட்டைச் சப்பென்று விடவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் முழுதாகச் செய்தான். அக்கா செய்திருந்தால் எப்படிச் செய்வாளோ அப்படி.

கொக்கு ஜெயித்தது. மேடையில் அவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். எழுதிவைத்த திட்டு ஒன்று அவன் சட்டைப்பையில் இருந்தது, அக்கா எழுதியது. அவன் அதை எடுக்கவில்லை.

“என் அக்கா ஏன் ஜெயிக்கல தெரியுமா? அவளுக்கு இடது காது செவிடு! பாதிப் பாட்டுதான் கேக்குது அவளுக்கு!”

அரங்கம் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் பிரமாதமான திட்டு என்று எல்லோரும் சொன்னார்கள்; அது நிஜம் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. எனெய்தா முன்வரிசையில் வலது காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். முழுதும் கேட்டது. அவளும் சிரித்தாள், எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

அவன் ஏன் சொன்னான்?

இங்கே எனக்கு அஸ்த்ரூபல்மீது சந்தேகம் வருகிறது; பாத்திரம் கைநழுவுகிறது. ரம் குடித்திருந்தான் என்று எழுதினேன். கோடு போட்டு அடித்தேன். ஒன்பது ஆண்டுகள் எதிரி வேஷம் போட்டவனுக்கு ஒருநாளாவது நிஜமாக ஜெயிக்க ஆசை வந்தது என்று எழுதினேன். தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

“அவனுக்கு வக்காலத்து வாங்கறியா?”

“இல்ல தோன்யா, புரிஞ்சுக்கப் பாக்கறேன்.”

“நான் அவன் அக்கா. எனக்கே புரியல. உறைக்குப் பின்னாடி எழுதினவனுக்குப் புரிஞ்சிடுமா?”

ஆகவே காரணம் இல்லாமல் விடுகிறேன்.

7

அடுத்த ஞாயிறு பின்வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. அஸ்த்ரூபல் தட்டினான். கொஞ்ச நேரம் நின்றான். முன்வாசலுக்கு வரமுடியாது, தெரு பார்த்துவிடும். அவன் அக்காவோடு சண்டைக்காரன் அல்லவா?

எனெய்தாவின் நிலை இன்னும் மோசம். தம்பி தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று யாரிடம் சொல்வாள்? எவரிடம் வாயைத் திறந்தாலும், “அதான் ஒன்பது வருஷமாத் தெரியுமே” என்பார்கள். முடிவெட்டும் கடைக்காரர் ஆறுதல் சொன்னார்: “விடுங்க தோன்யா, அவன் எப்பவுமே அப்படித்தானே.” எப்பவும் அப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. பொய்ச்சண்டை அத்தனை நன்றாக அமைந்திருந்தது. நிஜச்சண்டை வந்தபோது நிற்க இடமே இல்லை.

ப்ராக்ஸெதெஸ் மட்டும் வந்தாள். வாசலில் செருப்பைக்கூட விடாமல் உள்ளே நுழைந்தாள்.

“பேசுங்கம்மா அவர்கிட்ட. தினமும் என் வீட்டுல வந்து உக்காந்துட்டு எழுந்து போறாரு. சோறு இறங்கல அவருக்கு.”

“எனக்கு நல்லா இறங்குது.”

“போதையில உளறிட்டாரு.”

“போதையில பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன், ப்ராக்ஸெதெஸ். உண்மையச் சொன்னான். அது என் உண்மை. அதை அவன்கிட்ட பத்திரமா வைக்கக் கொடுத்திருந்தேன்.”

ப்ராக்ஸெதெஸ் எனெய்தாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

8

பிரிவு வேகமாக நடந்தது. வாயைத் திறக்காமலிருக்கத் தனிக் கட்டணம் வாங்கிய வழக்கறிஞர்கள் உற்சாகமாக இருந்தார்கள். அச்சு ஆலையும் கடைகளும் எனெய்தாவுக்கு. பாட்டுகளின் மூல ஒலிநாடாக்களும் பாடகர்களின் ஒப்பந்தங்களும் அஸ்த்ரூபலுக்கு. அவளிடம் இயந்திரம் இருந்தது, அடிக்கப் பாட்டில்லை. அவனிடம் பாட்டிருந்தது, அடிக்க இயந்திரமில்லை. ‘கொஞ்சம் கொடு’ என்று இருவரில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

இரண்டு கம்பெனிக்கும் ரகசியமாகப் பொதுவாக இருந்த அலுவலகத்தின் நடைவழியில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். நான் முதலைப் பக்கம் போனேன். விசுவாசம் என்று நினைக்க வேண்டாம், என் மேசை அந்தப் பக்கம் இருந்தது. நிக்கானோர் பாடகன் என்பதால் கொக்குக்குப் போக வேண்டியதாயிற்று. ஒன்பது ஆண்டுகள் கொக்கைத் திட்டியவன் இனிக் கொக்கு என்றதும் அவன் ரசிகர்கள் அவன் வீட்டுக் கதவில் மீன் செதிலைக் கொட்டினார்கள். “உண்மையச் சொல்லிடலாமா?” என்று ப்ராக்ஸெதெஸிடம் கேட்டானாம். “சொல்லு. ஊரே சேர்ந்து நம்ம ரெண்டு பேரையும் அடிக்கும்” என்றாளாம் அவள்.

மூன்று ஆண்டுகள் இரண்டு பாதிகளும் தனித்தனியாகக் காய்ந்தன. பிறகு மலைமேல் தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. இரண்டு பாதிகளையும் வாங்கிச் சேர்த்தது. அக்கா தம்பியால் முடியாததை அவர்கள் ஒரு வாரத்தில் முடித்தார்கள். சேர்த்த கையோடு மூடிவிட்டு, ஆலையை மெத்தைக் கிடங்காக்கினார்கள்.

9

அதற்கு முன், விற்க ஒரு கையெழுத்து மிச்சமிருந்தது. அந்தப் பொத்தான் இயந்திரம் இருவர் பெயரிலும் இருந்தது. இருவரும் ஒரே அறையில், ஒரே நோட்டரி முன்னால் வரவேண்டியதாயிற்று.

எனெய்தா முதலில் வந்து உட்கார்ந்தாள். அஸ்த்ரூபல் வந்தான். அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன, அவளுக்கு வலதில் ஒன்று, இடதில் ஒன்று. இடதில் உட்கார்ந்தான். நோட்டரி முத்திரை மை தீர்ந்துவிட்டது என்று பக்கத்து அறைக்குப் போனார்.

மின்விசிறி ஓடியது. அஸ்த்ரூபல் ஏதோ சொன்னான். மேசையைப் பார்த்தபடி, கொஞ்சம் நீளமாக. அவன் பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது, மூச்சுக்காற்று கழுத்தில் பட்டதால். ஒரு வார்த்தைகூட விழவில்லை. திரும்பினால் உதட்டையாவது பார்க்கலாம். அவள் திரும்பவில்லை.

அவன் பேச்சை நிறுத்தினான். பதிலுக்குக் காத்திருந்தான்.

“நீங்க என்ன பண்ணீங்க?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“தலையாட்டினேன்.”

“கேக்காமலேயா?”

“‘என்ன சொன்ன?’ன்னு எப்படிக் கேப்பேன்? அவன் முன்னாடி? அந்தக் காதைப் பத்தி?”

தலையாட்டியதும் அஸ்த்ரூபலின் முகம் தளர்ந்தது. கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டான். நோட்டரி வந்தார். கையெழுத்தாயிற்று.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. அஸ்த்ரூபல் சாந்தா மார்த்தாவில் குடியேறினான். இன்னும் இருக்கிறான். ஆண்டுதோறும் கார்னிவல் சனிக்கிழமை பேருந்து ஏறி வருகிறான். எனெய்தா வாசலில் நாற்காலி போட்டு ஊர்வலம் பார்ப்பாள். அவன் வந்து அவளுக்கு இடப்பக்கம் உட்காருவான். ஒரு பீர் குடிப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். ஊர்வலம் முடிந்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான்.

“என்னவோ ஒப்பந்தம் போட்டிருக்கோம் நாங்க” என்றாள் எனெய்தா. “அவன் அதை ஒழுங்காக் காப்பாத்தறான். நான் காப்பாத்தறேனா, வருஷாவருஷம் மீறிட்டே இருக்கேனா, அதுதான் தெரியல.”

10

கதைக்கு முடிவு வேண்டுமென்றால் அஸ்த்ரூபல் என்ன சொன்னான் என்று எழுதவேண்டும். மூன்று தயாரித்தேன். மூன்றையும் படித்துக் காட்டினேன்.

முதலாவது: “மன்னிச்சிடு அக்கா.”

“மட்டம். அம்மாவோட தையல் மிஷினை உடைச்சப்பகூட அவன் இதைச் சொன்னதில்ல.”

இரண்டாவது: “இனிமே நாம பேசிக்க வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம், போதும்.”

“இது ரொம்பப் பொருந்துது. பொருந்தணும்னே நீ வெட்டித் தெச்சிருக்க.”

மூன்றாவது எனக்கே பெருமையாக இருந்தது: “உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் இந்தப் பக்கம் உக்காந்தேன்.”

படித்து முடித்ததும் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“இது எழுத்தாளன் பேசறது” என்றாள். “அஸ்த்ரூபல் இவ்வளவு யோசிக்க மாட்டான்.”

பொறுமை போய்விட்டது எனக்கு. “தோன்யா, சாந்தா மார்த்தா ரெண்டு மணி நேரப் பயணம். நான் போய் அவர்கிட்டயே கேட்டுட்டு வந்துடறேன்.”

“போகாத.”

“ஏன்?”

“நீ கேட்டா அவன் சொல்லிடுவான். அப்புறம் அதுக்கு நான் நிஜமா ஒரு பதில் சொல்லியாகணும்.”

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

எனவே நான் போகவில்லை. உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் எதை எழுதினாலும் அடுத்த வரி மாறாது.

அஸ்த்ரூபல் சொன்னான்: “                                                  ”

எனெய்தா தலையாட்டினாள்.